ஸ்லொட் கார்: ஜேர்மனிப் பெட்டியா லண்டன் பெட்டியா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

மல்லாவிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பெரியப்பா ஜேர்மனியில இருந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறார், மகனுக்கு என்ன கொண்டுவாறது எண்டு கேட்டவர், இவன் (9 வயசு) யூரியூப்பில ஸ்லொட் கார் ஓடுறதைப் பாத்துப் பாத்து அதுதான் வேணும் எண்டு ஒத்தைக் காலில நிக்கிறான். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், பிளாஸ்ரிக் ட்ராக்கில ஒரு வெட்டு ஓடும், காருக்கு அடியில இருக்கிற நாக்கு அதுக்குள்ள இறங்கும், வெட்டுக்கு ரெண்டு கரையிலயும் கம்பியில கரண்ட், கையில ஒரு கொன்ரோலர், அமத்தினா ஓடும், வளைவில கூட அமத்தினா பறந்து போய் சுவரில அடிக்கும். ஸ்ரியரிங் கிடையாது. உண்மையச் சொன்னா மகனை விட எனக்குத்தான் ஆசை கூட, அதை வீட்டில சொல்லேலாது.

பிரச்சினை என்னெண்டா ஜேர்மனியில கரேரா எண்ட கொம்பனிச் செற் தான் எண்டுறாங்கள். லண்டனில மச்சாள் இருக்கிறா, அவ ஆவணியில ஆரோ வரேக்க ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் குடுத்துவிடலாம் எண்டுறா. நெற்றில தேடினா அதுக்கு மேல என்எஸ்ஆர், ஸ்லொட்.இட் எண்டு இத்தாலிப் பேர் வேற வருது, ஒரு காரின்ர விலையைப் பாத்து போனை வச்சிட்டன். எது நல்லது? ஒரு கொம்பனிக் காரை மற்றக் கொம்பனி ட்ராக்கில ஓடலாமோ? புதுசா வந்த மொடலுகளில எது வாங்கலாம்? மகனுக்கு அந்த மெர்சிடஸ் ஏஎம்ஜி ஜிடி3 தான் வேணுமாம், அது மூண்டு நாலு கொம்பனி விடுது போல கிடக்கு, எல்லாம் ஒண்டு தானோ?

எங்கட ஹோல் 12க்கு 10 அடி, சீமெந்து நிலம். முன்னால கிறவல் ரோட்டு, புழுதியப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

---

பரந்தன் வைண்டிங்:

தம்பி, நீர் காரில இருந்து தொடங்கியிருக்கிறீர், அதை விடும். முதல் ட்ராக்கைத் தீர்மானியும். கார் இண்டைக்கு ஒண்டு நாளைக்கு ஒண்டு வாங்கலாம், ட்ராக் ஒருக்கா வாங்கினா பிறகு வாங்குற ஒவ்வொரு துண்டும் அந்தக் கொம்பனி தான், ரெண்டையும் நேர கொழுவேலாது, இணைக்கிற வாய் வேற வேற.

அகலத்தைப் பாரும். கரேரா ட்ராக் 198 மில்லிமீற்றர் அகலம். ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் 156. பேப்பரில பாத்தா நாலு சென்ரிமீற்றர் தான் வித்தியாசம், நிலத்தில போட்டா உம்மட ஹோலில கதிரை வைக்க இடம் இருக்கோ இல்லையோ எண்டது அதில தான் கிடக்கு. ஆனா அகலம் கூட எண்டா ரெண்டு காரும் பக்கத்தில பக்கத்தில வரேக்க வால் அடிபடாது, சின்னப் பெடியளுக்கு அது நல்லம். கரேராவில ஆக இறுக்கமான வளைவு 60 பாகைத் துண்டு, ஆறு போட்டா முழு வட்டம், வட்டத்தின்ர வெளி விட்டம் 80 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய வரும். ஸ்கேல்எக்ஸ்ட்ரிக்கில செற்றோட வாற சாதாரண வளைவு 45 பாகை, எட்டு வேணும்.

இப்ப முக்கியமான விசயம், இதை ஒரு யூரியூப்காரனும் சொல்லமாட்டான் ஏனெண்டா அவங்கட வீட்டில ஹீற்றர் போட்டிருக்கு. கம்பி. கரேரா கம்பி எவர்சில்வர். ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் முலாம் பூசின இரும்பு. எங்கட மாரியை நினைச்சுப் பாரும், ஐப்பசியில தொடங்கினா தைப் பொங்கல் வரைக்கும் துவைச்ச உடுப்பே காயாது. என்னட்டை ஒரு பழைய ட்ராக் இருந்தது, எந்தக் கொம்பனி எண்டு சொல்லேல்ல வீண் சண்டை வரும், ஒரு மாரி முழுக்கக் கட்டிலுக்குக் கீழ வச்சு எடுத்தா கம்பி முழுக்கக் கறள், கார் விக்கி விக்கி ஓடுது. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி எமரிப் பேப்பர் போட்டுத் தேச்சன். தேச்ச அண்டைக்கு நல்லா ஓடிச்சு. மூண்டு கிழமையில முந்தியதை விட மோசம், ஏனெண்டா இருந்த முலாமையும் நானே வழிச்சுப் போட்டன். அது என்ர பிழை, ட்ராக்கில பிழை இல்லை.

எவர்சில்வருக்கு ஒரு குறையும் இருக்கு, காந்தம் அதை வலுவாப் பிடிக்காது. காருக்கு அடியில காந்தம் இருக்கெல்லோ, அது கம்பியை இழுத்துப் பிடிக்கிறதால தான் வளைவில கார் பறக்காம நிக்குது. இரும்புக் கம்பியில கூடப் பிடிக்கும், எவர்சில்வரில கொஞ்சம் வழுக்கும். கரேராக் காரில ரெண்டு காந்தம் வச்சு விடுறதுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறன்.

என்னைக் கேட்டா பெரியப்பாட்டைக் கரேரா சொல்லும். ஆனா பெட்டியின்ர பேரை எழுதிக் குடும், வாயால சொல்லாதையும்!! கரேரா எண்டு நாலைஞ்சு சாதி இருக்கு. ஃபர்ஸ்ட் எண்டா சின்னப் பிள்ளையளுக்கு, பற்றரியில ஓடுறது. கோ எண்டு மூண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தா அது உண்மைக் காரின்ர 43இல் ஒரு பங்கு அளவு, ட்ராக்கும் சின்னன், பெரிய ட்ராக்கோட சேராது. உமக்கு வேண்டியது எவலூஷன், 32இல் ஒரு பங்கு, சாதா கரண்டில ஓடுறது. அல்லது டிஜிட்டல் 132, அதில காருக்குள்ள சிப் இருக்கும், ஒரே வெட்டில ஒண்டுக்கு மேல கார் ஓடலாம் (132 எண்டா 32இல் ஒரு பங்கு, 124 எண்டா 24இல் ஒரு பங்கு). எவலூஷன், டிஜிட்டல் 132, டிஜிட்டல் 124 மூண்டுக்கும் ட்ராக் ஒண்டு தான், அதால இப்ப எவலூஷன் வாங்கிப் பிறகு டிஜிட்டலுக்கு மாறினாலும் வளைவுகள் வீண் போகாது. 2024இல ஹைபிரிட் எண்டும் ஒண்டு விட்டவங்கள், அதில வெட்டே இல்லை, காருக்குள்ள பற்றரி, போனில ஓடுறது. நல்லதோ கூடாதோ, அது ஸ்லொட் கார் இல்லை.

---

புதுக்குடியிருப்பு 32:

வைண்டிங் அண்ணை சொன்ன கம்பிக் கதை சரி, ஆனா அதுக்காக ஸ்கேல்எக்ஸ்ட்ரிக்கை ஒதுக்கிறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில தொட்டுக் கம்பியில இழுத்துப் போட்டு பொலித்தீன் பையில கட்டி வச்சா மாரி தாண்டும், திருப்பி ஓடமுன்னம் நல்லாத் துடைக்கவேணும் இல்லாட்டி ரயரில எண்ணெய் ஏறி கார் ஐஸில போற மாதிரிப் போகும். நான் முல்லைத்தீவுக் கடற்காத்துக்குள்ள இருந்து கொண்டு சொல்லுறன்.

இந்த விளையாட்டைப் பிரபலமாக்கினதே அவங்கள் தானே. இங்கிலாந்தில ஃபிரெட் ஃபிரான்சிஸ் எண்டவர் மினிமொடல்ஸ் எண்ட கொம்பனியில ஸ்கேலெக்ஸ் எண்டு பின்னால இழுத்து விட்டா ஓடுற தகரக் கார் செய்தவர், பிறகு அதுக்கு மோட்டர் பூட்டி 1957இல ஹரோகேற் பொம்மைக் கண்காட்சியில வச்சார், எலெக்ட்ரிக் எண்டதைச் சேர்த்து ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் ஆச்சு. அடுத்த வருசமே லைன்ஸ் பிரதர்ஸுக்கு வித்திட்டார். பிறகு ஹோர்ன்பி எண்ட பொம்மைக் கொம்பனியின்ர கைக்குப் போச்சு. கரேரா 1963 தான். ஸ்பெயினில இந்தப் பேர் எவ்வளவு ஊறிப்போச்செண்டா மேம்பாலங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு சுத்தி வளைஞ்சு போனா அதையே ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் எண்டு தான் சொல்லுவாங்களாம். (ஸ்பெயினில அந்தப் பேரில விக்கிறது வேற கொம்பனிச் சாமான், வெளியில எஸ்சிஎக்ஸ் எண்டு வரும், அங்க ஆரும் சொந்தம் இருந்தா குழம்பாதேங்கோ.)

இப்ப தம்பியின்ர மெர்சிடஸ் கேள்வி, அது தான் நல்ல கேள்வி. ஒரே கார், கரேராவும் விடுது ஸ்கேல்எக்ஸ்ட்ரிக்கும் விடுது என்எஸ்ஆரும் விடுது. மூண்டும் 32இல் ஒரு பங்கு. ஓடினா மூண்டும் மூண்டு சாமான்.

கரேரா பாக்க வடிவு, முன் லைற் பின் லைற் எரியும், பாரம் கொஞ்சம் கூட, வாங்கி வச்ச உடன ஓடும். ஸ்கேல்எக்ஸ்ட்ரிக்கிலயும் லைற் எரியும், பெயின்ற் வேலை எனக்கு இது தான் கூடப் பிடிக்கும், விளம்பர எழுத்தெல்லாம் கண்ணாடி போட்டு வாசிக்கலாம், மோட்டர் நிமிசத்துக்கு 18,000 சுத்து. பெரும்பாலான புதுக் காருக்கு அடியில ஒரு சின்னக் கதவு இருக்கும், டிபிஆர் எண்டுவாங்கள், அதைக் கழட்டிச் சிப் ஒண்டைச் செருகினா டிஜிட்டல். சோல்டர் தேவையில்லை. அந்தக் கதவுக்காகவே நான் அவங்களுக்கு ஒரு கும்பிடு போடுவன். என்எஸ்ஆர் நாப்போலிக்காரன்ர சாமான், லைற் இல்லை ஒண்டும் இல்லை, சாரதி இருக்கிற இடம் கூடப் பாரம் குறைக்க மெல்லிய பிளாஸ்ரிக் தாளில அழுத்தி எடுத்தது, மோட்டரைச் சரிச்சுப் பூட்டியிருப்பான், சில்லு அச்சு பல்லுச்சில்லு எல்லாத்துக்கும் பத்து விதம் கடையில தனித்தனிய வாங்கலாம். அது ஓடுறதுக்கு மட்டும் பிறந்தது. 9 வயசுப் பெடியன்ர கையில குடுத்தா முதல் நாளே கண்ணாடியும் செட்டையும் பறந்திடும். குடுக்காதையும். நீர் ஓடும்.

ஸ்லொட்.இட்டும் இத்தாலி தான், ஆனா அவங்கட பிரியம் லெமான்ஸ் எண்ட 24 மணித்தியால ஓட்டத்தில எண்பதுகளிலயும் தொண்ணூறுகளின்ர தொடக்கத்திலயும் ஓடின கார். போர்ஷே 956, 962, லான்சியா எல்சி2, சௌபர், 1991 லெமான்ஸ் வெண்ட அந்தச் செம்மஞ்சள் பச்சை மஸ்டா 787பி. என்னட்டை அந்த மஸ்டா ஒண்டு இருக்கு, சொந்தக்காரர் வந்தா ஓட விடமாட்டன், பாக்க மட்டும்.

---

மல்லாவிப் பெடியன்:

அண்ணை ரெண்டு பேருக்கும் நன்றி, ஆனா இப்ப முந்தியதை விடக் குழப்பம் :) புது மொடல் எண்டு வருசா வருசம் விடுறாங்களே, அதில எதையாவது காத்திருந்து வாங்கலாமோ?

---

புதுக்குடியிருப்பு 32:

காத்திருக்காதையும். வருசம் தொடங்கேக்க தை மாசக் கடைசியில நூரன்பேர்க்கில பொம்மைக் கண்காட்சி, அதை ஒட்டிக் கொம்பனியள் எல்லாம் கற்றலொக் விடுவாங்கள், அம்பது அறுபது படம் இருக்கும், பாத்தா வாயில தண்ணி ஊறும். எண்ணிப் பாத்தா அதில புது அச்சு (மோல்ட்) நாலைஞ்சு தான், மிச்சம் எல்லாம் பழைய பொடிக்குப் புதுப் பெயின்ற். பழைய மோல்டைத் திருப்பித் திருப்பிப் பாவிக்காட்டி அவங்களுக்குக் கட்டாது. எங்கட ஊர் பஸ்ஸுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சு ரூட்டில விடுற மாதிரி. என்எஸ்ஆரின்ர மோஸ்லர் எண்ட கார் எத்தினை வருசமா எத்தினை கலரில வருது எண்டு அவனுக்கே தெரியுமோ தெரியாது. அதுக்குள்ள உண்மையான புதுசு எண்டு நான் சொல்லுறது என்எஸ்ஆர் விட்ட ஃபோர்மியூலா கார்கள், 86/89 எண்டு ஒண்டு, 22 எண்டு 2022இல ஓடின கார் மாதிரி ஒண்டு, ரெண்டும் ஒரு டீமின்ர பேரும் இல்லாம பொதுவா செய்தது. தண்டர்ஸ்லொட்காரன்ர லோலா ரி70. ரெவோஸ்லொட் எண்டு ஒருத்தன் அடிச்சட்டத்தையே உலோகத்தில செய்து தொண்ணூறுகளின்ர ஜிடி கார் விடுறான், போர்ஷே ஜிடி2, மார்கோஸ், வைப்பர், கையில எடுத்தா கல்லு மாதிரி இருக்கும், காந்தமே இல்லாமல் ஓடும். இது எல்லாம் ரெண்டாம் வருசத்துக் கதை. இப்ப வேண்டாம்.

கலர் தெரிவு செய்யேக்க ஒரு விசயம் மட்டும் பாரும், புதுப் பெயின்ற் எண்டு வாறது பழைய அச்சு எண்டா அதுக்கு ரயர், நாக்கு, செட்டை எல்லாம் ஏற்கனவே சந்தையில கிடக்கும். புத்தம் புது அச்சு எண்டா உடைஞ்சா துண்டு கிடைக்கக் காலம் எடுக்கும். எங்களை மாதிரி தூரத்தில இருக்கிற ஆக்களுக்குப் பழைய அச்சு தான் தெய்வம்.

---

நெடுங்கேணி அக்கா:

நீங்கள் எல்லாரும் மோட்டர் சுத்துக் கதைக்கிறீங்கள், ஒருத்தரும் சூட்கேஸ் பாரத்தைக் கதைக்கேல்ல. எங்கட அண்ணா கனடாவில இருந்து வரேக்க என்ர மகனுக்கு இப்பிடி ஒரு செற் கொண்டு வந்தவர். பெட்டி அரைவாசி காத்து, உள்ளுக்கை அட்டையில கார் வைக்கிற குழி தான் கன இடம். பெரியப்பாட்டைச் சொல்லுங்கோ பெட்டியைக் கழட்டி மடிச்சுப் போட்டு, ட்ராக்கைச் சூட்கேஸ் அடியில அடுக்கி, கார் ரெண்டையும் உடுப்புக்குள்ள சுத்தி வைக்கச் சொல்லி. செட்டையும் பக்கக் கண்ணாடியும் தான் முதல் உடையுறது. கரண்ட் அடாப்டர் ஜேர்மனிப் பிளக்கா இருக்கும், 230 வோல்ட் தான், எங்கட செருகிக்கு மாத்துற பிளக் ஒண்டு இங்க கடையில வாங்கினாச் சரி, அதுக்கெண்டு அங்க காசு குடுக்கத் தேவையில்லை.

ஒரு முட்டாள்தனமும் சொல்லவேணும். எங்களுக்கு முதல் வந்தது 43 அளவுச் செற், அண்ணா பிறகு ஆசைப்பட்டு 32 அளவுக் கார் ரெண்டு தனியா அனுப்பினார். பூனைப் பெட்டிக்குள்ள ஆட்டைக் கட்டின மாதிரி. கார் இப்பவும் ஷோகேசில இருக்கு. 32 எண்டா ஒரு நாலரை மீற்றர் கார் 14 சென்ரிமீற்றர், 43 எண்டா பத்தரை. அளவை எழுதிக் குடுங்கோ, வைண்டிங் அண்ணா சொன்னது நூறு வீதம் சரி.

பெடியனுக்குப் பழக்கேக்க காந்தத்தைக் கழட்டாதேங்கோ. இவர் (என்ர மனுசன்) இன்ரநெற்றில பாத்துப் போட்டு காந்தம் இல்லாம ஓடுறது தான் உண்மையான ஓட்டம் எண்டு கழட்டினவர், மகன் ரெண்டு நாள் அழுதிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டான்.

---

வவுனியா ராசன்:

என்னப்பா, எல்லாரும் வாங்கிற கதை தானோ. எட்டுக்கு நாலு அடி எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை, தச்சுப் பட்டறையில ரூட்டர் மெசினால வெட்டு, வெட்டுக்கு ரெண்டு பக்கமும் செப்பு ரேப். ஐரோப்பாவில கிளப்புகளில கன பேர் மரத்தில தான் ஓடுறாங்கள். எந்தக் கொம்பனிக் காரும் ஓடும், சண்டையே இல்லை. வெட்டை ஆழமா அடிச்சா கரேராவின்ர நீட்டு நாக்கும் இறங்கும். ட்ராக்குக்குக் காசு குடுக்காம அந்தக் காசுக்கு ஸ்லொட்.இட் ஒண்டு வாங்கலாம்.

---

பரந்தன் வைண்டிங்:

ராசன், எம்டிஎஃப் மழைக்காத்துக்கு ஊதி வெட்டு மூடினதை நான் பாத்திருக்கிறன். வார்னிஷ் ரெண்டு கை, அடியும் விளிம்பும் குடிக்கக் குடிக்க அடிச்சிருந்தா ஒழிய அந்தக் கதை வேண்டாம். அதோட மரத்தில காந்தம் வேலை செய்யாது, செப்பை காந்தம் இழுக்காது எல்லோ. அக்காவின்ர மகன் மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுவான்.

ஆனா ராசன் நாக்கைப் பற்றிச் சொன்னது தம்பியின்ர முதல் கேள்விக்கு மறுமொழி. கரேரா ட்ராக்கில வெட்டு ஆழம், ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் காரை அதில போட்டா ஓடும். மாறி, கரேராக் காரை ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் ட்ராக்கில போட்டா நாக்கு அடியில முட்டிக் கார் மூக்கைத் தூக்கும், பிளேட்டால கொஞ்சம் செதுக்க வேண்டி வரும். இது சாதா கரண்டுக்கு மட்டும். டிஜிட்டல் எண்டா ஒருத்தன்ர சிப் மற்றவனுக்கு விளங்காது, அங்க சாதி பேதம் கடுமை.

புழுதிக்கு: ஓட முன்னம் செலோரேப்பை ஒட்டுற பக்கம் மேல வச்சு பின் ரயரை அதில உருட்டும், எவ்வளவு ஊத்தை வருது எண்டு பாரும். நாக்குக்குப் பக்கத்தில இருந்து கம்பியில கரண்ட் எடுக்கிற செப்புப் பின்னல் தான் முதல் தேயுறது, பெரியப்பாட்டை மேலதிகமா ரெண்டு சோடி கட்டாயம் சொல்லும், ரயர் ஒரு சோடி. கொழும்பிலயும் தேடித் தான் பிடிக்கவேணும். நான் அவசரத்துக்கு சோல்டர் உறிஞ்சுற செப்புப் பின்னலை வெட்டிப் போட்டிருக்கிறன், கொஞ்ச நாள் ஓடும், பிறகு தும்பு மாதிரிப் பிரியும். அச்சுக்கு எண்ணெய் ஊசி முனையில தொட்டு ஒரு சொட்டு. மோட்டருக்குள்ள விடாதையும். விட்டுப் போட்டு என்ர கடைக்குக் கொண்டு வராதையும்.

---

மல்லாவிப் பெடியன்:

சரி, எவலூஷன் செற் ஒண்டு, 32 அளவு, பின்னல் ரெண்டு சோடி, ரயர் ஒரு சோடி எண்டு எழுதி வட்சப்பில அனுப்பிட்டன், பெட்டிப் படமும் போட்டன். மச்சாளிட்டை ட்ராக் வேண்டாம், ஸ்கேல்எக்ஸ்ட்ரிக் மெர்சிடஸ் ஒண்டு மட்டும் எண்டு சொல்லியாச்சு, அது கரேரா ட்ராக்கில ஓடும் தானே. அப்ப மகனுக்கும் ஒண்டு எனக்கும் ஒண்டு.

பெரியப்பா உடன மறுமொழி போட்டிருக்கிறார், "கடையில 124 அளவு ஒண்டு மலிவு விலையில கிடக்கு, பெரிசாவும் இருக்கு, அதை வாங்கட்டோ" எண்டு.

---

நெடுங்கேணி அக்கா:

ஐயோ இப்பவே போன் எடுங்கோ. மெசேஜ் போடாதேங்கோ, எடுத்துக் கதையுங்கோ!

---

பரந்தன் வைண்டிங்:

124 அதே ட்ராக்கில ஓடும் தான், ஆனா காரே 18, 19 சென்ரிமீற்றர் நீளம் வரும், உம்மட ஹோலில போடுற சின்ன வளைவில வாலை வீசிப் பக்கத்துக் காரைத் தள்ளும். செற்றும் டிஜிட்டல், எவலூஷன் இல்லை. அக்கா சொன்ன மாதிரி எடும். ஜேர்மனியில இப்ப கடை பூட்டுற நேரம்.